முடுக்கும் தெருதான்

கேள்வி: ஐயா, ஜெர்மனியில் ஒரு அடி அகலத்தில் ஒரு தெரு இருப்பதாக என் பேரன் சொல்கிறான். உண்மையா? எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மூன்றடி முடுக்கு இருக்கிறது. 'இதெல்லாம் தெருவா, வெறும் இடுக்கு' என்று சொல்லிச் சுவரை இழுத்துக் கட்டப் பார்க்கிறார் அடுத்த வீட்டுக்காரர்.
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பேரன் சொன்னது உண்மைதான் அம்மா. தெற்கு ஜெர்மனியில் ராய்ட்லிங்கன் என்ற பழைய ஊரில் இருக்கிறது ஷ்ப்ராயர்ஹோஃப் தெரு. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 31 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் ஒரு அடி ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் அரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும். தோளைத் திருப்பி, பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். உலகிலேயே குறுகிய தெரு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

அதன் பிறப்பு ஒரு பெருந்தீயில் தொடங்குகிறது. 1726-இல் ராய்ட்லிங்கன் பற்றி எரிந்தது. ஐந்தில் நான்கு பங்கு வீடுகள் சாம்பலாயின. 1,200 குடும்பங்கள் தெருவில் நின்றன. அடுத்த ஆண்டே ஊரை எழுப்பத் தொடங்கினார்கள். அந்த மறுகட்டுமானத்தில், 1727-இல் உண்டானதுதான் இந்தத் தெரு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு தனுஷ்கோடி நினைவு வருகிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே ஒரு தெருவும் திரும்ப எழவில்லை. தேவாலயத்தின் மொட்டைச் சுவர்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு நடந்த வழிகளை மணல் மூடிவிட்டது.

இனி உங்கள் கேள்வி. அந்த 31 சென்டிமீட்டரைத் தெருவாக்கியது அகலமல்ல, பதிவேடு. பொதுவழி என்று ஊர் நிலப் பதிவில் அது இருக்கிறது. 32 ஆண்டுகள் நில அளவையராக இந்தக் கரையில் சங்கிலி இழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊரிலும் அதே கணக்குதான். நிலத்தை அளந்து வரைந்த அரசுப் படமான புலப்படத்தில் பாதை என்று கோடு இருந்தால், மூன்றடியானாலும் அது பாதை.

என் தாயார் வீட்டு முடுக்கும் மூன்றடிதான். இருபுறமும் கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். தோள் உரசி உரசி ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். யாரோ முடுக்கின் வாயில் இரண்டு படிக்கட்டு போட்டார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு மூச்சுத் திணறிய இரவில் ஸ்ட்ரெச்சர் உள்ளே திரும்பவில்லை. மர நாற்காலியில் உட்கார வைத்து, நானும் என் தம்பியும் தலைக்கு மேல் தூக்கி அந்தப் படிகளைக் கடந்தோம். அம்மா பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இரவில் நான் பேசாமல் இருந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே தள்ளிப் போடாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் உங்கள் நத்தத்தின், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தின், புலப்பட நகலுக்கு மனுக் கொடுங்கள். பாதை குறிக்கப்பட்டிருந்தால், அளந்து காட்டச் சொல்லி இன்னொரு மனு. அளக்கும் அன்று அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்து, முடுக்கின் இரண்டு முனைகளையும் அவர் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் குறுகியும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் அவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள் அம்மா. சுவர் எழும்பிவிட்டால் வழக்குதான் நீளும்.