சாளையில் நின்றுபோன வண்டியைத் திரும்ப எழுப்புவது: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம் பக்கம் முப்பது வருடமாக இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். சாளையிலும் (தோட்டத்துக் கொட்டகை) குடோனிலும் பல வருடம் நின்றுபோன வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை. வண்டியைத் துடைத்ததும் ஆசையில் கிக்கரில் காலை வைத்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் நின்ற இஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது. காய்ந்த சுவரில் பிஸ்டன் ரிங் உரசும் அந்த முதல் உதையில்தான் நல்ல வண்டிகள் கெட்டுப்போகின்றன.

சத்தியமங்கலத்திலிருந்து: ஏனுங்கண்ணா, எங்க அப்புச்சியின் பழைய புல்லட் 350. அவர் 2011-இல் தவறிய பிறகு கட்டுத்தரைக்குப் பக்கத்துச் சாளையிலேயே நிற்கிறது. கிக்கர் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்துக் கிளட்சை விட்டால் சுற்றிவிடும் என்கிறார் மச்சான். செய்யலாமுங்களா?

வேண்டாங்க. மச்சானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தப் புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஈரம் உள்ளே போனால் ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் சுற்றும்தான், ஆனால் ரிங் உடைந்து சுற்றும். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு யெஸ்டி (Yezdi) வண்டியை இப்படித்தான் மூன்று பேர் சேர்ந்து டாப் கியரில் தள்ளினோம். வண்டி உருண்டது. பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், ஆணியால் கிழித்த மாதிரி மேலிருந்து கீழே வரை கோடு. உடையவர் அந்தச் சிலிண்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது அத்தனையும் உள்ளே விழும். பிளக் ஓட்டை வழியாக டீசலும் இஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். பழைய துணியால் ஓட்டையை மூடிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். அசையவில்லையா? இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி விடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பலத்தைக் கூட்டாதீர்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பழைய புல்லட்டில் ஆயில் தனி அறையில் நிற்கும். வருடங்கள் போகப்போக அது பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அடியில் உள்ள வடிகால் நட்டுகளைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.

கட்டுத்தரை என்றீர்களே, அதையும் சொல்ல வேண்டும். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அந்தச் சாளையில் நின்ற வண்டியில் ஒயர் முனைகளிலும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டிலும் பச்சை பூத்திருக்கும். இஞ்சின் சுற்றிய பிறகும் பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றால் முதலில் பாயின்ட்டை (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகள்) பாருங்கள். நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த கெட்டி அட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுத்தால் போதும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை.

பல்லடத்திலிருந்து: ஸ்பிளெண்டர், மூன்று வருடமாகத் தறிக்குடோனில் நிற்கிறது. பேட்டரி போய்விட்டது. கிக்கர் நன்றாக இறங்குகிறது, பிளக்கில் நீல நிறத்தில் கரண்ட் வருகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய ஸ்பிளெண்டரில் பிளக்குக்கான கரண்ட் மேக்னட்டிலிருந்து நேராக வருகிறது. உங்கள் வண்டிக்கு வந்திருப்பது கார்புரேட்டர் நோய்.

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசத்துக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் வாசம் வந்தால் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள், கிணற்றுப் பக்கமோ சாக்கடையிலோ ஊற்றாமல். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதனால் முன்பைவிடச் சீக்கிரம் கெடுகிறது.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் காய்ந்த பதநீர் மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கும். மெயின் ஜெட் பெரும்பாலும் தப்பித்திருக்கும். சின்ன ஜெட்தான் அடைந்திருக்கும். அதைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு இரவு கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டு, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்துங்கள். கிளட்ச் கேபிள் இழை வேண்டாம். அது எஃகு, பித்தளை ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பிறகு எவ்வளவு டியூன் செய்தாலும் வண்டி ஐடிலில் நிற்காது.

தறிக்குடோன் என்பதால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பஞ்சுத்தூசி மெத்தை மாதிரி படிந்திருக்கும். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, ஆர்எக்ஸ் 100. எட்டு வருடம் கழித்து மூன்றே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது! ஆனால் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே அலறுகிறது. வெள்ளைப் புகையும் நிற்கவில்லை.

உடனே அணைத்துவிடுங்கள் தம்பி. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்கின் இரண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. எட்டு வருடத்தில் அது காய்ந்து கட்டையாகியிருக்கும். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இஞ்சின் அலறும், சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். உங்கள் புகை நிற்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். கியர் ஆயில் அளவு குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு சீலையும் சேர்த்து மாற்றுங்கள். கார்புரேட்டரை இஞ்சினோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் வளைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த வண்டியில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூடி (2T) ஆயிலைத் தனிப் பம்பு ஊட்டுகிறது. நின்ற வண்டியில் அந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கும். அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு, முதல் டேங்க் பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயிலைக் கையாலேயே கலந்து ஊற்றுங்கள்.

கரூரிலிருந்து: பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? போன முறை தீப்பிடிக்கப் பார்த்தது.

பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். உதைக்கும்போது அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். ஓட்டையைத் துணியால் அடைத்து, பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைத் தள்ளி வேறொரு இரும்புப் பாகத்தில் தொடவைத்துப் பாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: டேங்க் உள்ளே முழுக்கத் துரு. புது டேங்க்தான் வழியா?

ஓட்டை விழாதவரை பழையதே போதும். டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டு வினிகரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். அவ்வப்போது குலுக்குங்கள். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, அன்றைக்கே கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலால் அலசிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு இரவு விட்டாலே மறுபடி துரு பூக்கும்.

ஈரோட்டிலிருந்து: இஞ்சின் ஓடுகிறது. அப்படியே ரோட்டில் எடுத்துப் போகலாமா?

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1412 என்றால் 2012-இன் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பரை நம்பாதீர்கள். பிரேக் ஷூவையும் திறந்து பாருங்கள். ஆர்.சி. 15 வருடம் தாண்டியிருந்தால் புதுப்பிக்க வேண்டும், இன்சூரன்சும் வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றிவிடுங்கள், உள்ளே கிடந்த கசடெல்லாம் அதில் வந்துவிடும்.

அவிநாசியிலிருந்து: அண்ணா, அப்பாவின் டிவிஎஸ் 50-ஐச் சரிசெய்துவிட்டேன். தினமும் ஓட்டப்போவதில்லை, ஆனால் விற்கவும் மனமில்லை. எப்படி வைப்பது?

நல்லதும்மா. முதலில் உர மூட்டை பக்கத்தில் நிறுத்தாதீர்கள். யூரியாவும் பொட்டாஷும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைப்பதும் வேண்டாம். சூடேறாத சைலன்சருக்குள் நீர் கோத்து அங்கேயே துருவாகும். நீண்ட நாள் எடுக்கமாட்டீர்கள் என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, சைலன்சர் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். எடுக்க முடிகிற மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேவூர் வரை போய்த் திரும்புங்கள், இஞ்சின் நன்றாகச் சூடேறிவிடும்.