மூலக்கதை எது, தம்பி?

அன்புள்ள அண்ணா,

மின்னல் வேகத்தில் ஓடும் பாரி அலன் என்ற நாயகனின் கதையான 'த ஃபிளாஷ்' டிவி தொடரின் ஒன்பது சீசனையும் பார்த்து முடித்தேன். அதற்கு மூலமான காமிக்ஸும் தேடி வாசித்தவன் என்பதால் கோபமாக இருக்கிறது. 'க்ரைசிஸ்' கதையில் பாரி அலன் உலகங்களைக் காப்பாற்றிச் சாகிறான். தொடரில் இன்னோர் உலகத்தின் வேறொரு ஃபிளாஷைச் சாகவிட்டு அவனைத் தப்ப வைத்துவிட்டார்கள். பாரி காலத்தில் பின்னோக்கிப் போய்த் தாயைக் காப்பாற்றும் 'ஃபிளாஷ்பொயின்ட்' கதை ஒரே எபிசோடில் முடிந்துபோனது. பாரியின் தாய் கொல்லப்படுவதை மட்டும்தான் மூலத்தில் உள்ளபடி எடுத்திருக்கிறார்கள். அம்மாவும் கூட இருந்து பார்த்து அழுதா. அவவுக்கு மூலம் தெரியாது. தொடர் எடுப்பவர்கள் மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டாமா?

ஒரு வாசகன், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

போன கிழமை திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஃபிளாஷ்பொயின்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அவசரப்பட்டுத்தான் முடித்தார்கள். அதை விடுவோம். ஆனால் 'வேறொரு ஃபிளாஷ்' என்கிறீர்களே, அவர் யார் என்று பார்த்தீர்களா? 1990இல் வந்த பழைய ஃபிளாஷ் தொடரின் பாரி அலன் அவர். நடித்தவரும் அதே ஜோன் வெஸ்லி ஷிப்தான். ஒரே சீசனோடு நிறுத்தப்பட்ட அந்தத் தொடரின் நாயகனைத் திரும்ப அழைத்து வந்து, 2019 டிசம்பரில் காமிக்ஸில் பாரிக்கு இருந்த சாவை அவருக்குக் கொடுத்தார்கள். அத்தனை வருடமாக முடிவில்லாமல் கிடந்த ஒருவனுக்கு முடிவு கிடைத்தது. எனக்கு அது பெரிய மரியாதையாகத்தான் படுகிறது.

என்னால் தாண்டிப்போக முடியாதது நீங்கள் 'உள்ளபடி' என்று எழுதிய இடம். காமிக்ஸ் வாசித்தவன் என்கிறீர்கள். 1956இல் பாரி அலன் முதன்முதலாக வந்த 'ஷோகேஸ்' நாலாம் இதழை வாசித்தீர்களா? மின்னல் வெட்டுகிறது, இரசாயனங்கள் மேலே கொட்டுகின்றன, ஒருவன் வேகம் பெறுகிறான். தாயின் கொலை இல்லை, அந்தப் பழியில் சிறைக்குப் போன தகப்பன் இல்லை. பிறகு வந்த கதைகளில் தாயும் தகப்பனும் உயிரோடு வந்துபோகிறார்கள். நீங்கள் கோபப்படும் அந்த க்ரைசிஸில், 1985இல், பாரி செத்தபோதும் அவனுக்குத் தாய் கொலையுண்ட கதை கிடையாது. அது வந்தது 2009இல், ஜெஃப் ஜோன்ஸ் எழுதிய 'ரீபர்த்' கதையில். 53 வருடம் கழித்து! அதுவும் எப்படி? வில்லன் காலத்தில் பின்னோக்கிப் போய், இல்லாதிருந்த கொலையைச் செய்துவிட்டு வருகிறான். கதையை மாற்றியதையே கதையாக எழுதினார்கள். நீங்கள் பார்த்த தொடரை 2014இல் உருவாக்கிய மூவரில் ஜோன்ஸும் ஒருவர். நீங்கள் மூலம் என்று கையில் பிடித்திருப்பது, மிகவும் பிந்தி வந்து சேர்ந்த துண்டு. கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதியையாவது பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என் அம்மா போனது 2003இல். நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். செய்தி வந்து, இரவு பஸ் பிடித்து, கந்தளாய் தாண்டும்போது விடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன், சுடுதண்ணீரிலும். பெரியப்பா பக்கத்தில் வந்து சொன்னார்: "இராவணனும் தாய் போற நேரம் பக்கத்தில இல்லையடா தம்பி. சேதி கேட்டுத்தான் ஓடி வந்தவன். கிரியை செய்யத் தண்ணி இல்லையெண்டு வாளால குத்தி ஏழு ஊத்து எடுத்தவன். நீயும் வந்திட்டாய்தானே."

எத்தனையோ வருடம் கழித்துத்தான் அந்தக் கதையை முழுதாகக் கேட்டேன். இராவணன் திருகோணமலையின் கோணேசர் மலையை வாளால் வெட்டுகிறான். அவனைத் தடுக்கத் திருமால் கிழ வேதியராக வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவன் கன்னியாவில் கிரியை செய்கிறான். பெரியப்பா திருமாலை எடுத்துவிட்டார், மலையை எடுத்துவிட்டார். பிந்தி வந்த ஒரு மகனை மட்டும் வைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு முழுக்கதையும் தெரியும். கோணேசர் கோயிலடியில் வளர்ந்த மனிசன். முன்னால் ஈர வேட்டியோடு நின்றவனுக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னார். அந்த முழுக்கதையும்கூட யாரோ சேர்த்ததுதானே? வால்மீகியில் கன்னியா இல்லை, கம்பனிலும் இல்லை. இங்கே தாய்க்குக் கிரியை செய்ய வந்தவர்கள் இராவணனுக்கும் ஒரு தாயின் சாவைக் கொடுத்து, இந்தத் தண்ணீரண்டை கூட்டிவந்து விட்டார்கள்.

முதல் சீசனின் கடைசி எபிசோடில் பாரி தாய் கொல்லப்படும் இரவுக்கே போகிறானே, ஞாபகம் இருக்கிறதா? காப்பாற்றாதே என்று அவனுடைய இன்னொரு உருவம் கைகாட்டித் தடுக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு முகமூடியைக் கழற்றி, நான்தான் அம்மா, நானும் அப்பாவும் நல்லாயிருக்கிறோம் என்கிறான். தாய் அவனைப் பார்த்தபடி போகிறாள். நான் ஃபோனை நிறுத்திவிட்டு எழும்பி வெளியே போய்விட்டேன். பிந்தி வந்தவனுக்கு அந்தத் தொடர் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தது. 1956 இதழில் அதற்கு இடமே இல்லை.

மூலத்துக்கு உண்மையா இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். கன்னியா உப்புவெளியிலிருந்து பத்துக் கிலோமீற்றரும் வராது. ஒரு நாள் காலையில் போய் அந்த ஏழு கிணற்றடியிலும் நில்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவவுக்கு மூலம் தெரியாது என்று எப்படி எழுத மனம் வந்தது? எந்த இடத்தில் அழுதா என்று அவவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா