பல்லை எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்: சைக்கிள் ட்ரெய்னர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சைக்கிளை வீட்டுக்குள் மாட்டி ஓட்டும் ட்ரெய்னர். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பாதையில் கார் நெரிசல், மழைக்காலத்தில் மண் சரிவு, வெயில் காலத்தில் சேலத்து அனல் என்று ஆளுக்கொரு காரணம். பயிற்சி செய்ய நினைப்பது நல்லதுதான். வாங்கும் விதம்தான் கவலையாக இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் டைரக்ட் ட்ரைவ் ட்ரெய்னர் வாங்கினேன். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேராக மாட்டும் வகை. 'எல்லா கியர் சைக்கிளுக்கும் பொருந்தும், கேசட்டோடு (பின்னால் அடுக்கியிருக்கும் பல்சக்கரத் தொகுதி) வரும்' என்று விளம்பரம். என் சைக்கிளில் பின்னால் 9 கியர். ஓட்டினால் செயின் தாவுகிறது, கியர் நிற்பதில்லை. விற்றவர் 'உங்கள் சைக்கிளில்தான் கோளாறு' என்கிறார். (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: உங்கள் சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் எண்ணிப் பார்த்தேன். ட்ரெய்னரில் இருப்பது 11 பல்சக்கரம் உள்ள கேசட். 9 கியர் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4.35 மில்லிமீட்டர். 11 கியரில் அது 3.8 மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்கள் ஷிஃப்டர், அதாவது கைப்பிடியில் கியர் மாற்றும் லீவர், ஒவ்வொரு கிளிக்குக்கும் 9 கியர் கணக்கில்தான் செயினை நகர்த்தும். நாலு கிளிக் போவதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தவறிவிடும். அப்புறம் செயின் எங்கே நிற்கும்?

ட்ரெய்னரின் ஹப், அதாவது கேசட் ஏறும் உருளை, ஷிமானோ நிறுவனத்தின் ஹெச்ஜி 11 கியர் வகை என்றால், 9 கியர் கேசட் ஒன்றும், அதன் பின்னால் போட 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையமும் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் அந்தச் செலவை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்? விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புது ட்ரெய்னரின் பெட்டியைத் திறந்தால் கேசட்டே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: இல்லை. 'கேசட் தனியாக வாங்க வேண்டும்' என்று நீங்கள் அனுப்பிய விளம்பரப் படத்திலேயே மூன்றாவது வரியில் இருக்கிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது 21 கியர் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). இத்தனை கியர் இருப்பதால் நல்ல விலையுயர்ந்த டைரக்ட் ட்ரைவ் ட்ரெய்னராகவே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். சரிதானே? (கல்லூரி மாணவர், ஆத்தூர்)

பதில்: தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இந்த '21 கியர்' ஸ்டிக்கரைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

உங்கள் சைக்கிளில் முன்னால் 42, 34, 24 பல் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. மூன்றை ஏழால் பெருக்கி 21 என்று ஒட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 42, பின்னால் 28 வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் 1.5 சுற்று. முன்னால் 24, பின்னால் 16 வைத்தாலும் அதே 1.5. 34-க்கு 22 வைத்தால் 1.55. மூன்றும் காலுக்கு ஒன்றுதான். 42-க்கு 24, 34-க்கு 20, 24-க்கு 14 என்ற மூன்றும் 1.7-ஐ ஒட்டியே வரும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் உண்மையில் வேறுபடும் கியர் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் தேறாது. அதிலும் முன் பெரியது, பின் பெரியது என்று வைத்தால் செயின் குறுக்காக இழுபட்டுத் தேயும்.

என் முதல் கியர் சைக்கிளை அந்த ஸ்டிக்கரை நம்பித்தான் வாங்கினேன். 18 கியர் சைக்கிளை விட 21 கியர் வேகமாகப் போகும் என்று கடைக்காரர் சொன்னார். சேமித்த பணம் அத்தனையும் போயிற்று. வேகத்துக்கு முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்பதுதான் கணக்கு என்று எனக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நம் ஊரில் யாரும் பணத்தை எண்ணுவதில்லை. சைக்கிளுக்கு மட்டும் ஸ்டிக்கரைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். இதைத் தெரிந்தே விற்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

சரி, உங்கள் ட்ரெய்னருக்கு வருகிறேன். ஏழு கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் பின்னால் இருப்பது கேசட் அல்ல, மரையில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல். டைரக்ட் ட்ரைவ் ட்ரெய்னரில் அது ஏறாது. தனியாக ஒரு 7 கியர் கேசட் வாங்கி, 4.5 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டும். 11 கியர் ஹப் என்றால் மேலும் 1.85 மி.மீ. செய்ய முடியும். ஆனால் சைக்கிளின் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து அதைச் செய்யத் தேவையில்லை.

டயர் உருளையில் உட்காரும் சாதாரண வகையே உங்களுக்குப் போதும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகையில் சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் எதிர்ப்பு கூடும். உங்கள் உச்ச கியர் 42-க்கு 14. நிமிடத்துக்கு 80 மிதி (பெடல் முழுதாக ஒரு சுற்று வந்தால் ஒரு மிதி) மிதித்தால் மணிக்கு 30 கி.மீ. வேகம் கூட வராது. 50-க்கு 11 உள்ள ரோடு சைக்கிள் அதே மிதியில் 45-ஐத் தாண்டும். அதனால் எதிர்ப்பைக் கையால் கூட்டிக் குறைக்கும் லீவர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பின்னால் ஒரு வழவழப்பான டயர் போடுங்கள். குமிழ் டயரோடு ஓட்டினால் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்; டயரும் பொடிப் பொடியாகத் தேயும்.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் 50, 34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை. மார்ச்சுக்குள் ஏற்காடு ஏற வேண்டும் என்று, எதிர்ப்பைத் தானே மாற்றும் ஸ்மார்ட் ட்ரெய்னரில் பயிற்சி செய்கிறேன். ட்ரெய்னரில் எந்த கியர் வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பழுதா? (வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: பழுது இல்லை அம்மா. நீங்கள் வாட் அளவைப் பூட்டி வைக்கும் 'எர்க்' முறையில் ஓட்டுகிறீர்கள். 150 வாட் என்று வைத்தால், எந்த கியரில் மிதித்தாலும் ட்ரெய்னர் எதிர்ப்பை மாற்றி 150-க்கே கொண்டுவந்துவிடும். அந்த முறையில் முன்னால் சின்னதும் பின்னால் நடுவில் உள்ளதும் வையுங்கள். செயின் நேராக ஓடும், சத்தம் குறையும். உள்ளே இருக்கும் கனச்சக்கரமும் மெதுவாகச் சுற்றுவதால் மிதிக்கு மிதி அழுத்தம் தெரியும். மலை ஏறுவது அப்படித்தான் இருக்கும். பெரிய கியர் வைத்தால் சமவெளியில் உருள்வது போல இருக்கும்.

ஏற்றத்தைக் காட்டும் முறைக்கு மாற்றினால் கியர் உடனே வேலை செய்யும். அங்கேதான் உங்கள் 28 பல் போதுமா என்று தெரியும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515. அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. உங்கள் மிகச் சின்ன கியர் 34-க்கு 28. நிமிடத்துக்கு 70 மிதி என்றால் மணிக்கு 10.7 கி.மீ. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 6 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 150 வாட் வேண்டும். அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடிகிறதா என்று ட்ரெய்னரிலேயே சோதியுங்கள். முடியவில்லை என்றால் 11-34 கேசட்டுக்கு மாறுங்கள். 34-க்கு 34 வைத்து அதே மிதியில் 8.8 கி.மீ. போகலாம், முழங்கால் தப்பிக்கும். மாற்றும் முன் உங்கள் பின் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். பழைய குட்டைக் கூண்டு வகை ஏற்காது.

நான் 12-25 கேசட் வாங்கி ஏற்காடு போனவன். எடை குறைவு, பந்தயக்காரர்கள் போடுவது என்று சொல்லி விற்றார்கள். பாதி மலையில் இறங்கித் தள்ளினேன். முழங்கால் வலி இரண்டு மாதம் இருந்தது. கேசட் இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய ட்ரெய்னரை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். என் டிஸ்க் பிரேக் சைக்கிளில் உட்காரவே இல்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. பில் இல்லை. (வாசகர், ஓமலூர்)

பதில்: உங்கள் ஃபிரேமில் இருப்பது 12 மி.மீ. 'த்ரூ ஆக்சில்', அதாவது சக்கரத்தின் ஊடே செருகித் திருகும் தடித்த அச்சு; அகலம் 142 மி.மீ. ட்ரெய்னரில் இருப்பது மெல்லிய அச்சை லீவரால் இறுக்கும் பழைய 'குயிக் ரிலீஸ்' வகைக்கான முனைகள். அந்த மாடலுக்கான அடாப்டர் தனியாகக் கிடைக்கும்; அது போதும். பில் இல்லாமல், சைக்கிளை எடுத்துப் போய் மாட்டிப் பார்க்காமல் பணத்தை அனுப்பியதற்கு நான் என்ன பதில் சொல்வது?

கேள்வி: வீட்டில் மூன்று சைக்கிள். 8, 10, 12 கியர். ஒரே ட்ரெய்னர் போதுமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: போதும். 2023இல் 'ஸ்விஃப்ட்' என்ற சைக்கிள் செயலியின் நிறுவனம் 'காக்' என்று 14 பல் உள்ள ஒற்றைப் பல்சக்கரத்தைக் கொண்டுவந்தது. 8 முதல் 12 கியர் வரை எந்தச் செயினும் அதில் ஓடும்; கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ட்ரெய்னரே எதிர்ப்பை மாற்றி கியர் மாறியது போலச் செய்யும். உங்கள் ட்ரெய்னர் அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். செயலிக்கு மாதச் சந்தா உண்டு. ஒரு வருடச் சந்தாவையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள்.

கேள்வி: என் சைக்கிளில் 8 கியர். அதே 8 கியர் கேசட் புதிதாக வாங்கி ட்ரெய்னரில் போட்டேன். அழுத்தி மிதித்தால் செயின் வழுக்குகிறது. கேசட் போலியா? (வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: செயின் எத்தனை வருடப் பழசு என்று நீங்கள் எழுதவே இல்லை. இழுபட்ட செயின் புதுப் பல்லில் உட்காராது. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்துக்குள் சரியாக 12 முழு இணைப்புகள் அடங்கும். ஓர் இணைப்பு ஆணியின் நடுவை ஸ்கேலின் பூஜ்யத்தில் வைத்தால், மறுமுனை ஆணியின் நடு 12 அங்குலக் கோட்டை 1/16 அங்குலத்துக்கு மேல் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். கேசட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.