சிலம்பம், கராத்தே, தியானம் கற்றவர்கள் அவற்றை அன்றாட வாழ்க்கையில் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் என்று தோன்றுகிறது. அலுவலகத்தில் யாரோ ஒருவர் தினமும் உங்கள் பொறுமையைச் சோதிக்கிறார். ஏதாவது வகுப்பில் சேர்ந்துவிட்டால் அவர் முன்னால் சலனமே இல்லாமல் நிற்கலாம் என்று நினைக்கிறீர்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். நானும் அப்படி நினைத்தவன்தான்.

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சிறுவயதில் நான்கு ஆண்டுகள் சிலம்பம் ஆடினேன். ஆசான், குருகுலம் என்றெல்லாம் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் வாத்தியார் பகலில் கொத்தனார். சாயங்காலம் கைகாலில் ஒட்டிய சிமெண்ட்கூடப் போகாமல் களத்துமேட்டுக்கு வந்து நிற்பார். முதல் மூன்று மாதம் கம்பையே தொடவிடவில்லை. மணலில் கோடு போட்டு, காலடி, காலடி, காலடி. நெற்றி உயரத்துக்கு மூங்கில் கம்பு வெட்டி, எண்ணெய் தடவி வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்தேன். அதை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு வெறுங்கையோடு போவேன். கம்பு கைக்கு வந்த பிறகும் அவர் என் கையைப் பார்த்ததில்லை. "கால் எங்கே?" என்பார். அவ்வளவுதான் பாடம். பதில் சொல்வதற்குள் பூவரசங்குச்சி கணுக்காலில் விழுந்திருக்கும்.

தியானத்துக்கு வந்தது நாற்பது வயதில். கடை வேலையில் கோபம் முற்றி, ரத்த அழுத்தம் ஏறி, சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கும் விபாசனா மையத்துக்குப் போனேன். பத்து நாள் மௌனம். அதிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். காலை உணவும் 11 மணிச் சாப்பாடும் உண்டு, மாலையில் பழமும் தேநீரும்தான். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு போய்வருவதை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் உட்கார வேண்டும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். ஞானம் ஒன்றும் கிடைக்கவில்லை. முழங்கால் வலிதான் கிடைத்தது. ஒன்று மட்டும் பிடிபட்டது. எனக்குக் கோபம் முதலில் வருவது வாயில் இல்லை, காது மடலில். அங்கே சூடு ஏறிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறக்கிறது. நாற்பது ஆண்டுகள் என்னோடு இருந்த காது, அதுவரை எனக்குத் தெரியாது.

(மனவளக்கலை செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். விபாசனாதான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. என் மைத்துனர் அந்தத் தியானத்துக்காக ஆண்டுதோறும் ஆழியாறு ஆசிரமம் போய் வருகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். கராத்தே நண்பர்களுக்கும் இதே வணக்கம்.)

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணி இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் குனிந்து உள்ளே வந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, கையில் ஹெல்மெட். தீர்ந்துபோன மாத்திரை அட்டை ஒன்றைக் கண்ணாடி மேல் வைத்து, "இதில் இரண்டு அட்டை கொடுங்கள்" என்றான். எடுத்துப் பார்த்தால் அல்பிரசோலம், மனப்பதற்றத்துக்குத் தருகிற மாத்திரை. அது எச்-1 என்கிற, கட்டுப்பாடு அதிகமுள்ள மருந்துகளின் பட்டியலில் வருவது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பட்டியல். இதில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்க முடியாது. சீட்டோடு கொடுத்தாலும் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டு எங்கே என்றேன். ஊரில் இருக்கிறது என்றான். அப்படியானால் முடியாது தம்பி என்றேன்.

ஹெல்மெட் கண்ணாடி மேல் இறங்கியது. மூலையிலிருந்து ஒரு விரிசல் மெதுவாக நடுவரைக்கும் ஓடியதைப் பார்த்தேன். அவன் என் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான்.

ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி எனக்கு வலப்பக்கம் சாத்தியிருக்கும். நாலரை அடி இரும்பு. என்னைக் கேட்காமலே கை அதன் மேல் போயிருந்தது. அதுவும் எப்படி? முப்பது ஆண்டுகளுக்கு முன் களத்துமேட்டில் பிடித்த அதே பிடி, பெருவிரல் முதற்கொண்டு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். காது மடல் கொதித்தது. அந்தச் சூட்டைக் கவனித்த நொடியில் வாத்தியார் குரல் கேட்டது: கால் எங்கே?

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் குளுக்கோஸ் பெட்டிகள், மறுபக்கம் இன்சுலின் வைக்கிற குளிர்பெட்டி. இரண்டு காலும் ஒட்டிக்கொண்டு, சாமி சிலை மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். கால் நகர்த்த இடமில்லாதவன் கம்பெடுத்தால் முதல் அடி அவன் மேலேயே விழும். அதுவும் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில். கம்பை விட்டுவிட்டேன். இடப்பக்கம் அரை அடிதான் இருந்தது, அங்கே நகர்ந்தேன். அவனுக்கு நேராக நின்றவன் பக்கவாட்டுக்கு வந்துவிட்டேன். வெற்றிடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவன் என்னைத் தேடித் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பும்போது ஒரு வாக்கியம் அறுந்துபோனது. அந்த இடைவெளியில் கேட்டேன்: "யாருக்குத் தம்பி?"

அம்மாவுக்காம். அப்பா இறந்து பன்னிரண்டு நாள். இரண்டு ஆண்டுகளாகத் தினமும் சாப்பிட்ட மாத்திரை, காரியம், உறவு, கூட்டம் என்று கவனிக்காமல் தீர்ந்துவிட்டிருக்கிறது. மூன்று நாளாக அந்த அம்மா தூங்கவில்லை, கை நடுங்குகிறது. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். அப்படியே விட்டால் வலிப்புவரை போகலாம். அப்போதும் மாத்திரை கொடுக்கவில்லை. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளாக நின்றிருக்கிறது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போ, இதைக் காட்டு என்றேன். வாங்கிக்கொண்டான். போகும்போது இன்னொரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுத்தான் போனான். பிறகு அவனை நான் பார்க்கவில்லை. கண்ணாடி மாற்றிய செலவில் பாதியை முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

கல்லாவில் இருபது வருடம் நின்ற எவனும் இதைத்தானே செய்வான், இதில் சிலம்பம் எங்கே வந்தது, தியானம் எங்கே வந்தது என்று ஒருவர் கீழே எழுதுவார். இருக்கலாம். கை எங்கே போனது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் மௌனம் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்ததற்காக மனைவியிடம் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் வாளியை வைத்துவிட்டு, "பத்து நாள் பேசாததையும் சேர்த்து இப்போது பேசுகிறீர்களா?" என்று கேட்டாள். சிலம்பத்தில் கம்பைச் சுழற்றியபடி காலை மாற்றி மாற்றி வைத்து, யாரும் உள்ளே வர முடியாமல் நம்மைச் சுற்றி வளைத்துக்கொள்வதை வீடு கட்டுவது என்போம். சொந்த வீட்டுக்குள் எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லித் தொலைக்கிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். 2021-இல் தமிழக அரசு, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. நல்ல விஷயம், நானும் மகிழ்ந்தேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒரு வகுப்பு. என் மகளைச் சேர்த்த இடத்தில் முதல் நாளே கம்பைக் கொடுத்துவிட்டார்கள். காலடி கற்றுத்தர யாருக்கும் நேரமில்லை, ஆறாம் மாதமே "சாதனை". மண்பானை மேல் நின்று மூன்று மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டுமாம். பதக்கம், சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை. பதினோரு வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் நான்கு கொப்புளம். எதிரில் ஆளே இல்லாமல் மூன்று மணி நேரம் சுற்றி என்ன செய்வது? தொடுமுறைப் போட்டியில் அரை நிமிடம் எதிராளியின் கம்பு படாமல் நின்று காட்டட்டும், நானே மாலை போடுகிறேன். மகளை நிறுத்திவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு நானே காலடி சொல்லித்தருகிறேன். கம்பு எப்போது தருவீர்கள் என்று வாராவாரம் கேட்கிறாள்.

கடையில் அந்தக் குளுக்கோஸ் பெட்டிகளைப் பின்னறைக்கு மாற்றிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் இரண்டடி இடம் விட்டிருக்கிறேன். எதற்கு என்று முதலாளி கேட்டார். எலி வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.