சென்னையில் வெள்ளத்துக்கும் மின்வெட்டுக்கும் தயாராக இருக்க நிறையச் செலவாகுமா?

கேள்வி கேட்டவர் வேளச்சேரிப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறார். வாடகை வீடு, அளவான சம்பளம். இன்வெர்ட்டர், டப்பாவில் அடைத்த உணவு, விலை கூடிய டார்ச் என்று பார்க்கிற பட்டியல் ஒவ்வொன்றும் மலைப்பாக இருக்கிறது, இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்.

அந்தப் பட்டியலை மறந்துவிடுங்கள். இதைச் சரியாகச் செய்தால் மாதச் செலவு கூடாது, குறையும். நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், 2023 மிக்ஜாம் புயல் எல்லாவற்றையும் இங்கிருந்துதான் பார்த்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே விதிதான். ஆபத்துக்கென்று தனியாக எதையும் வாங்குவதில்லை. தினமும் புழங்குவதையே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்கிறோம். தனியாக வாங்கி அலமாரியில் போட்டது நமக்குத் தேவைப்படும் நாளில் காலாவதியாகியிருக்கும், இல்லையென்றால் பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கும்.

முதலில் தண்ணீர். சென்னையில் மழை அதிகமானாலும் தண்ணீர்க் கஷ்டம்தான், பொய்த்தாலும் அதேதான். வெள்ளம் வந்தால் சாக்கடை கலந்த நீர் முதலில் இறங்குவது தரையடிச் சம்ப்புக்குள். கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. அதனால் ஆரஞ்சு எச்சரிக்கை என்று கேட்டவுடனே மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அடுத்த சில நாட்களுக்குக் கை கொடுக்கும். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தால், நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 84 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் நாலு, அதற்கு மேல் ஒரு குடம். நாலையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். வழக்கமாக எடுப்பதைவிட மாதம் ஒரு கேன் கூட வாங்கி, பழையதை முதலில் குடித்து, புதியதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள்.

சிக்கனம் எங்களுக்குப் பழகியது 2019இல். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்த வருஷம் அது. அப்போது ஷவரை விட்டுவிட்டு வாளிக்கு மாறினோம், இன்றும் வாளிதான். துணி அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போகிறது, அரிசி களைந்தது கறிவேப்பிலைச் செடிக்கு. லாரித் தண்ணீருக்கென்று ஒதுக்கிய பணம் இப்போது மிச்சமாகிறது. மழைநீர்க் கணக்கையும் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 900 லிட்டர். முதல் மழையைத் தூசியோடு கழித்துவிட்டு, அடுத்ததை வடிகட்டி ட்ரம்மில் பிடித்தால் துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் ஆகும். குடிப்பதென்றால் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும்.

அடுத்தது சமையலறை. நம் பாட்டிமார் வெயில் காலத்தில் செய்துவைத்ததைவிட நல்ல அவசரகாலச் சேமிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சித்திரை வெயிலில் மோர் மிளகாய் போடுகிறோம். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் திரும்ப அதே தயிரில் போட வேண்டும். தயிர் முழுதும் இழுத்த பிறகு சலசலவென்று காய்ந்தால் டப்பாவுக்குள். கூடவே மணத்தக்காளி, சுண்டைக்காய், கொத்தவரங்காய் வற்றல். காய்கறி வண்டி வராத வாரத்தில் ஒரு வற்றல் குழம்பு போதும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது எங்களைக் காப்பாற்றியதும் இதே புளியும் வற்றலும்தான்.

துவரம்பருப்பை வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, ஆறவிட்டு, நாலு காய்ந்த மிளகாய் போட்டு இறுக மூடினால் ஈர மாதத்திலும் வண்டு எட்டிப்பார்க்காது. புதிது பின்னால், பழையது முன்னால் என்று அடுக்குங்கள். பருப்பைச் சமைப்பதற்கு முன் ஊறவைத்தால் கேஸும் மிச்சம், சிலிண்டர் வரத் தாமதமானாலும் இருப்பது தாங்கும். அடுப்பே வேண்டாம் என்றால் அவலும் வெல்லமும். பொட்டுக்கடலை மாவும் இருக்கட்டும். இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சாதாரண நாளிலேயே மாலைச் சிற்றுண்டி என்பதால், கரண்ட் இல்லாத நாளில் ‘இது என்ன’ என்று முகம் சுளிக்க மாட்டார்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு சோலார் விளக்கு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. பேச ஒரு சாதாரண பட்டன் போன். ஒரு சார்ஜில் நாள்கணக்கில் நிற்கும். நெட்வொர்க் போனால் யுபிஐ வேலை செய்யாது, அதனால் நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் ரொக்கம். பிபி, சுகர் மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கைவசம். ரேஷன் கார்டு, பத்திரங்கள் பாலிதீன் உறையில், உயரமான இடத்தில்.

சுயசார்பு என்றால் தனியாகக் கதவைச் சாத்திக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015இல் நகரத்துக்குள் படகோட்டிவந்து மக்களை மீட்டவர்கள் நம் மீனவர்கள். தெரு நிறையத் தண்ணீர் நின்ற நாளில் கீழ் வீட்டு அக்கா, “தம்பி, உங்க மாடியில பால் பவுடர் இருக்கா? பாப்பா அழுவுது” என்று கேட்டார். எங்களிடம் இருந்தது. அவரிடம் அடிபம்பு இருந்தது. யார் வீட்டில் என்ன இருக்கிறது, படுக்கையில் இருக்கும் பெரியவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதற்குப் பைசா செலவில்லை, பத்து வீட்டுக்குப் பத்து ஏணி வாங்கவும் வேண்டாம்.

நீங்கள் முதல் மாதம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூடியுள்ள ஒரு ட்ரம், கூடுதலாக ஒரு கேன், ஒரு கிலோ அவல், அரைக் கிலோ வெல்லம், சில்லறை ரொக்கம். தரைத்தளம் என்றால் மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள், தண்ணீர் உள்ளே வருமுன் அணைக்க வேண்டும். அப்புறம், சம்ப் மூடியைச் சுற்றி இரண்டடி உயர்த்திக் கட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொத்தனார் கிடைக்கமாட்டார்.