தம்பியின் முதுகு நோவும் கழுத்துக் கட்டியும்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இரண்டு வருசத்துக்கு முன் மூளைக் கட்டிக்கு ஒப்பரேசன் செய்து, கதிர்ச் சிகிச்சையும் குளிசையும் கொடுத்தார்கள். துண்டில் ‘கிளையோபிளாஸ்டோமா, 4ஆம் தரம்’ என்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த தலை ஸ்கேன் நல்லது என்றார்கள். இப்போது மூன்று கிழமையாக நடு முதுகில் நோவு. இரவில் எழும்பி உட்கார்ந்துவிடுகிறான். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியும் இருக்கிறது. கத்தி பட்டதால்தான் பரவிவிட்டது என்கிறா மாமி. மூளைக் கட்டி உடம்புக்குப் பரவுமா, டொக்டர்?
- ஓர் அக்கா, களுவாஞ்சிகுடி

பதில்: பரவலாம், மகள். ஆனால் மிக அரிது. கிளையோபிளாஸ்டோமா என்பது மூளையிலேயே தொடங்கும் கடுமையான புற்றுநோய்க் கட்டி; அது பெரும்பாலும் மூளைக்குள்ளேயேதான் திரும்ப வளரும். மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாண்டி வெளியே போவது நூறு பேரில் ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு. மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறை ஒரு வேலி மாதிரி நிற்கிறது. அதைத் தாண்டினால் எலும்பு, கழுத்து நிணநீர்க் கணு, நுரையீரல், ஈரல் என்று போகும். அப்படிப் பதிவானவர்களில் இளவயதினர் கூடுதல்.

மாமி சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. வெளியே பரவியவர்களில் பெரும்பாலானோர் ஒப்பரேசன் செய்தவர்கள். ஆனால் கத்தியே படாத சிலருக்கும் பரவியிருக்கிறது. ஒப்பரேசன் இல்லாமல் தம்பிக்கு இந்த இரண்டு வருசம் கிடைத்திருக்குமா? அந்தப் பேச்சு இனி அவன் காதில் விழக் கூடாது.

எனக்குப் பயம் அந்தத் தலை ஸ்கேனை நம்பி இருந்துவிடுவீர்களோ என்றுதான். அதில் நடு முதுகு தெரியாது. நான் வேலை பார்த்த காலத்தில் இதே வயதுப் பெடியன் ஒருவனுக்குத் தலை ஸ்கேன் சரியென்று வலிக் குளிசை கொடுத்து அனுப்பினேன். முதுகை ஸ்கேன் பண்ண ஒரு மாதம் பிந்திவிட்டது. இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

வேறு காரணமும் இருக்கலாம். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரோய்ட் மருந்தை மாதக்கணக்கில் எடுத்திருந்தால் முள்ளெலும்பு பலவீனப்பட்டு நொறுங்கலாம். கழுத்துக் கட்டி காசநோயாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியும்வரை முதுகில் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் இந்தக் கிழமையே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போங்கள். இரவில் நோவு எழுப்புவதை மறக்காமல் சொல்லுங்கள். கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி மாதிரி எடுத்தால், பழைய பயோப்சி ரிப்போர்ட்டின் பிரதியும் அதோடு போகட்டும். மூளைக் கட்டி இருந்தது என்று தெரிந்தால்தான் ஆய்வுகூடத்தில் அதற்குரிய சாயம் போட்டுப் பார்ப்பார்கள்.

கால் மரத்தாலோ, சலம் அடைத்தாலோ நடுச்சாமமானாலும் சரி, அப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.