பத்துத் தொட்டிகள் போதுமா?

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். மண்புழு உரம் போட்ட ஐந்து தொட்டிகளில் பச்சைப்பயறு 14, 22, 17, 20, 17 செ.மீ. வளர்ந்தது. உரம் போடாத ஐந்தில் 13, 19, 16, 18, 14. சராசரி 18, 16. உரத்தால் பலன் உண்டு என்று எழுதினால், 'டி டெஸ்ட் போட்டுக்கொண்டு வா' என்கிறார் பேராசிரியர். கண்ணுக்குத் தெரிவதற்குக் கணக்கு எதற்கு?
- மாணவி, கும்பகோணம்

பதில்: உரம் போட்ட செடிகளை மட்டும் பாருங்கள். ஒரே உரம், ஒரே தண்ணீர். ஆனாலும் ஒன்று 14, இன்னொன்று 22. தமக்குள்ளேயே 8 செ.மீ. ஏறி இறங்கும் செடிகளிடம், சராசரியில் வந்த 2 செ.மீ.யை எப்படி நம்புவது? உங்கள் எண்களை நானே போட்டுப் பார்த்தேன். டி மதிப்பு, அதாவது சராசரியில் வந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, 1.12. ஐந்துக்கு ஐந்து தொட்டி என்றால், 5 சதவீத அளவில் (உரத்தால் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான் என்ற அளவில்) அது 2.306-ஐத் தாண்ட வேண்டும். இதே 2 செ.மீ., உரம் போட்டவை 17, 18, 18, 18, 19 என்றும் போடாதவை 15, 16, 16, 16, 17 என்றும் வந்திருந்தால் டி 4.47! அப்போது தைரியமாக எழுதலாம். இப்போது உரம் வீண் என்று அர்த்தமில்லை. சொல்ல இந்தப் பத்துத் தொட்டிகள் போதாது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்கு வழி போட்டவர் வில்லியம் கோசெட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தோடு வேதியியலும் படித்து, 1899-ல் டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லியிலும், பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவிலும் அவருக்குக் கிடைத்தது நாலைந்து மாதிரிகள்தான். அன்றைய சூத்திரங்களோ நிறைய மாதிரிகளுக்கானவை. அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட விடை 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியானது. உங்களைப் போலவே கைவசம் கொஞ்சம் மாதிரி வைத்திருந்த ஒருவரின் கருவி அது. பரீட்சைக்காகப் பிறந்ததல்ல.

அப்புறம் ஒன்று: தொட்டிகளை எங்கே வைத்தீர்கள்? நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் நான் வேலை பார்த்தபோது, வாய்க்காலை ஒட்டிய பாத்தியில் எந்த ரகத்தை நட்டாலும் செழித்து வரும். அது ரகத்தின் பெருமையா, தண்ணீரின் பெருமையா? அதனால் வயலை வாய்க்காலிலிருந்து எட்டப் போகப் போகப் பட்டை பட்டையாகப் பிரிப்போம். ஒவ்வொரு பட்டையிலும் எல்லா ரகமும் இருக்கும். எது எந்தப் பாத்தியில் என்பது சீட்டுக் குலுக்கித்தான். ஆர்.பி.டி. (ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன்) என்று நீங்கள் படிப்பது இதைத்தான். உரத் தொட்டிகள் ஐந்தும் ஜன்னலோரம் இருந்திருந்தால், நீங்கள் அளந்தது வெயிலாகக்கூட இருக்கலாம்.

அடுத்த முறை வகைக்குப் பதினைந்து தொட்டியாவது வையுங்கள். இடத்தைச் சீட்டுப் போட்டு முடிவு செய்து, எது எங்கே இருந்தது என்று நோட்டில் படம் வரைந்துகொள்ளுங்கள். எண்கள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.